வரைவியல் அட்டையும் அதன் செலுத்தியும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியொன்றின் வரைவியல் அட்டையை அகற்றி, அதனினும் ஆற்றல் மிக்க புதியதொன்றை அமைத்தல் இக்காலத்தில் அரிய செயலன்று. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஆணியைத் தளர்த்தி, பழைய அட்டையை எடுத்துப் புதியதைப் பொருத்துதற்குக் கால் மணி நேரம் போதும். எனினும், அக்கால் மணி நேர வேலையின் பின்னர் திரை இருண்டும், எழுத்துக்கள் பருத்தும், படங்கள் சிதைந்தும் தோன்ற, இரண்டு மூன்று நாட்கள் அல்லலுறுவோர் பலர். அவருட் சிலர் அட்டையை நொந்துகொள்வர்; சிலர் அதனை விற்றவரை நொந்துகொள்வர். குற்றமோ பல வேளைகளில் இவ்விரண்டிடத்தும் இல்லை. அட்டைக்கும் கணினிக்கும் இடைநின்று பணிபுரியும் ஒரு மென்பொருளிடத்தே அது மறைந்து கிடக்கின்றது. வழக்கில் ‘டிரைவர்’ எனப்படும் அம்மென்பொருளைச் செலுத்தி என்று நாம் குறிப்பிடுகின்றோம்.

வண்டியோட்டுவோரைச் சாரதி என்று அழைக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் நிலவுகின்றது. தேரின் வன்மையும் வில்லின் திறமும் எத்துணைச் சிறந்தனவாயினும், சாரதி மனமொன்றி நடவாதவிடத்து அவை பயன்படா என்பதைக் கர்ணனுக்குச் சாரதியாய் அமர்ந்த சல்லியனின் வரலாறு நமக்கு உணர்த்தும். வரைவியல் அட்டைக்கும் இஃது ஒக்கும். புதிய தேரிற் பழைய சாரதியை இருத்துவதும், ஒரு தேருக்கு இரு சாரதியரை அமர்த்துவதும், சாரதியே இல்லாத தேரை வாங்குவதுமே இத்துறையில் நேரும் இடர்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகும். இவ்விடர்கள் யாங்ஙனம் தோன்றின, அவற்றை அவ்வக்காலத்தார் யாங்ஙனம் கடந்தனர், அவற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்கவை யாவை என்பவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செலுத்தியின் தொழில்

வரலாற்றினுட் புகுமுன் செலுத்தியின் தொழில் இன்னதென அறிந்துகொள்ளல் வேண்டும். கணினியின் பணிசெயல் முறைமையானது, “இவ்விடத்தில் ஒரு கோடு வரைக, அவ்விடத்தில் ஒரு சாளரம் திறக்க” என்று பொதுப்படையாகவே கட்டளையிடும். அட்டையோ அப்பொது மொழியை அறியாது. தன்னிடத்துள்ள பதிவகங்களில் இன்ன எண்ணை இன்ன ஒழுங்கில் இட்டால் இன்ன செயலைச் செய்வேன் என்ற தனிமொழி ஒன்றே அதற்குத் தெரியும். அத்தனிமொழி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு தலைமுறை அட்டைக்கும் பெரும்பாலும் வேறு. ஆதலின், பொதுமொழியைத் தனிமொழியாக்கும் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் இன்றியமையாதவனாகின்றான். அவனே செலுத்தி. இக்காலச் செலுத்திகள் இதனோடமையாது, அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுதல், வெப்பத்துக்கேற்ப விசிறியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்தல், முப்பரிமாண விளையாட்டுக்களின் நிழற்றல் நிரல்களை அட்டைக்கேற்பத் தொகுத்தல் முதலிய பணிகளையும் புரிகின்றன. எனவே அட்டையை மாற்றுதல் என்பது உண்மையிற் செலுத்தியை மாற்றுதலே என்று கூறினும் மிகையாகாது.

தனித்தனிச் செலுத்திகளின் காலம்

1981 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஐ. பி. எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதனுடன் இருவகைத் திரையட்டைகள் விற்கப்பட்டன. எம். டி. ஏ. எனப்பட்ட ஒன்று, வரிக்கு 80 எழுத்துக்களாக 25 வரிகளைத் தெளிவாகக் காட்டியது. படம் வரைய அஃது அறியாது. சி. ஜி. ஏ. எனப்பட்ட மற்றையது 16 கிலோபைற்று நினைவகத்தைக் கொண்டு, கிடையாக 320, நெடுக்காக 200 புள்ளிகளில் நான்கு நிறங்களைக் காட்டியது. ஆனால் அதில் எழுத்துக்கள் தெளிவற்றிருந்தன. தெளிவை விரும்பியோர் படத்தை இழந்தனர். படத்தை விரும்பியோர் தெளிவை இழந்தனர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்பியது 1982 இல் வெளிவந்த ஹேர்குலிஸ் அட்டையாகும். இதன் தோற்றம் ஆங்கிலமல்லாத மொழியினராகிய நாம் சிறப்பாக நோக்கத்தக்கது. இதனை ஆக்கியவர் வான் சுவன்னுகுல் என்னும் தாய்லாந்து நாட்டவர். தம் ஆய்வேட்டைத் தாய் மொழியின் எழுத்துக்களிற் கணினியில் ஆக்க விரும்பிய அவர், அன்றிருந்த அட்டைகள் அதற்கு இடந்தராமை கண்டு தாமே ஓர் அட்டையை வகுத்தார். எம். டி. ஏ. அட்டையின் எழுத்துருக்கள் மாற்றவியலாதபடி அதனுள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் சேராத எழுத்து தாய் எழுத்தாயினும் தமிழெழுத்தாயினும் திரையில் தோன்ற வழியில்லை. புள்ளி புள்ளியாக வரையும் வசதி இருந்தாலன்றி அவ்வெழுத்துக்களுக்குக் கணினியில் வாழ்வில்லை. 720 க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியே ஒளிரச் செய்த ஹேர்குலிஸ் அட்டை அவ்வாழ்வை அளித்தது.

ஆயின், புதிய அட்டை பிறந்தவுடன் புதிய சிக்கலும் உடன்பிறந்தது. அக்காலத்து டொஸ் என்னும் பணிசெயல் முறைமை, படம் வரையும் பொறுப்பை ஏற்றிலது. எழுத்தைத் திரையிலிடும் சில எளிய பணிகளையே அட்டையிலும் தாய்ப்பலகையிலும் பதிந்திருந்த அடிப்படை நிரல்கள் செய்தன. அவையும் மெதுவாகவே செய்தன. ஆதலின், ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தம் மென்பொருளுக்கெனத் தனிச் செலுத்திகளை ஆக்கிக்கொண்டனர். 1983 இல் வெளிவந்து பெரும்புகழ் எய்திய லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு மென்பொருள், திரைக்கொன்றும் அச்சுப்பொறிக்கொன்றுமாகச் செலுத்திகளைத் தெரிந்து ஒரு தொகுதியாகச் சேர்க்கும் நிறுவுநிரல் ஒன்றைத் தன்னுடன் கொண்டிருந்தது. 1982 இல் வெளிவந்த ஓட்டோகாட் என்னும் வரைபட மென்பொருளும் இத்தகையதே.

இதன் விளைவு யாது? 1984 இல் ஈ. ஜி. ஏ., 1987 இல் வி. ஜி. ஏ. எனப் புதிய அட்டைகள் வெளிவந்தபோது, அவற்றை வாங்கியவர் தம்மிடமுள்ள மென்பொருள்கள் ஒவ்வொன்றையும் திறந்து, புதிய அட்டைக்குரிய செலுத்தியை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக அமைக்க வேண்டியவராயினர். ஐந்து மென்பொருள்களைக் கையாண்டவருக்கு ஐந்து முறை வேலை. புதிய அட்டைக்குரிய செலுத்தியை மென்பொருளார் ஆக்காதவிடத்து, அதன் புதிய ஆற்றல் அம்மென்பொருளிற் பயன்படாது, பழைய அட்டையைப் போலவே ஒழுகும். எனினும் அக்கால முறையில் ஒரு நன்மையும் இருந்தது. ஒரு மென்பொருளின் செலுத்தி பிழைபடின் அம்மென்பொருளே நின்றது; ஏனையவை தம்பாட்டில் இயங்கின.

பொதுச் செலுத்தியின் தோற்றம்

640 க்கு 480 புள்ளிகளில் 16 நிறங்களையும், 320 க்கு 200 புள்ளிகளில் 256 நிறங்களையும் காட்டிய வி. ஜி. ஏ., ஏறத்தாழ எல்லா நிறுவனத்தாராலும் பின்பற்றப்பட்டு ஒரு பொதுமொழி போலாயிற்று. அதற்கு மேற்பட்ட தரங்களிலோ ஒவ்வொருவரும் தத்தம் வழியே சென்றனர். செங் லாப்ஸ், ட்ரைடென்ட், ஏ. ரீ. ஐ., எஸ் 3 முதலிய நிறுவனங்களின் அட்டைகள் வி. ஜி. ஏ. அளவில் ஒன்றுபட்டும் அதற்கப்பால் வேறுபட்டும் நின்றன. இவ்வேறுபாட்டைக் குறைக்கும் பொருட்டு வீசா என்னும் நியமச் சங்கம் எழுந்து, 1989 இல் தன் நியமத்தை வெளியிட்டது.

இதனினும் பெரிய மாற்றத்தை விளைத்தது விண்டோஸ் ஆகும். 1990 இல் வந்த விண்டோஸ் 3.0, 1992 இல் வந்த விண்டோஸ் 3.1 ஆகியவற்றின் வழியாகத் திரைச் செலுத்தி மென்பொருள்களின் கையினின்றும் நீங்கிப் பணிசெயல் முறைமையின் கைக்கு வந்தது. ஒரே செலுத்தி, எல்லா மென்பொருளுக்கும் அதுவே போதும். முன்னர் ஐந்து முறை செய்த வேலை ஒரு முறையாயிற்று. ஆனால், ஐந்து இடங்களிற் பிரிந்திருந்த இடரும் ஓரிடத்தே திரண்டது. விண்டோஸ் எந்தச் செலுத்தியைக் கையாளவேண்டும் என்பது ‘சிஸ்டம்’ என்னும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தது. அவ்வரியை மாற்றாது அட்டையை மட்டும் மாற்றியவர், கணினியை இயக்கியதும் விண்டோஸ் இல்லாத அட்டையைத் தேடித் திகைத்து நிற்பதைக் கண்டனர். திரை தோன்றாமையால், விண்டோஸினுட் சென்று அதனைத் திருத்தவும் இயலவில்லை.

இவ்விடர்ப்பாட்டிலிருந்தே இத்துறையின் முதல் விதி பிறந்தது. அஃதாவது, பழைய அட்டையை அகற்றுமுன்னரே விண்டோஸைப் பொதுவான வி. ஜி. ஏ. செலுத்திக்குத் திருப்புதல் வேண்டும். பின்னர் அட்டையை மாற்றுதல் வேண்டும். அதன் பின்னரே புதிய செலுத்தியை நிறுவுதல் வேண்டும். முன்யோசனையின்றி அட்டையைக் கழற்றிவிட்டவர், டொஸ் நிலையிலிருந்து விண்டோஸின் அமைப்பு நிரலை இயக்கி, அங்கே வி. ஜி. ஏ. யைத் தெரிந்து தப்பினர். இரு அட்டைகளுக்கும் பொதுவான ஒரு மொழிக்கு முதலில் மீண்டு, பின்னர் புதியதன் தனிமொழிக்குச் செல்க என்னும் இவ்விதியின் உட்பொருள் இன்றளவும் மாறவில்லை.

1995 ஆம் ஆண்டு ஓகத்து 24 இல் வெளிவந்த விண்டோஸ் 95, பொருத்தியவுடன் தானே இனங்கண்டு இயங்கும் முறையைப் புகுத்தியது. புதிய அட்டையைக் கண்டதும் விண்டோஸ் தானே செலுத்தியைத் தேடும். செலுத்தி பிழைபடின், வி. ஜி. ஏ. யை மட்டும் கொண்டு தொடங்கும் பாதுகாப்பு நிலை என்னும் வாயிலும் அதில் அமைந்தது. முன்பு மனிதர் நினைவில் வைத்துச் செய்த காரியத்தை இங்கே பணிசெயல் முறைமையே ஏற்றுக்கொண்டது. எனினும், அதுவரை ஓரிரு கோப்புக்களில் வெளிப்படையாகக் கிடந்த செலுத்திக் குறிப்புக்கள், பதிவேடு என்னும் பெருந்தொகுதியினுட் பல இடங்களிற் சிதறி மறைந்தன. வேலை எளிதாயிற்று, ஆனால் கண்ணுக்குப் புலப்படாததாயிற்று.

கைவிடப்பட்ட அட்டைகள்

1996 இல் த்ரீடிஎபெக்ஸ் நிறுவனத்தாரின் வூடூ அட்டை வெளிவந்தது. இது முப்பரிமாணப் படங்களை மட்டுமே ஆக்குவது. வழக்கமான திரைக்கு வேறோர் அட்டை உடனிருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரு வடம் இணைத்தது. ‘கிளைட்’ எனப்பட்ட அதன் தனிமொழியில் அக்காலத்து விளையாட்டுக்கள் பல ஆக்கப்பட்டன. ஆயினும் சில ஆண்டுகளுள் அந்நிறுவனம் நலிந்து, 2000 ஆம் ஆண்டு திசெம்பரில் அதன் உடைமைகளை வாங்க என்விடியா உடன்பட்டது. 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது அவ்வட்டைகளுக்கு ஆக்கியோரிடமிருந்து புதிய செலுத்தி கிடைக்கவில்லை. அட்டைகள் பழுதுறவில்லை, அவற்றின் சில்லுகள் முன்போலவே இயங்கின. செலுத்தி எழுதுவோர் இல்லாமையே அவற்றைப் பயனற்றவையாக்கியது. ஆர்வலர் சிலர் பழைய செலுத்திகளைத் தாமே திருத்தி வெளியிட்டுப் பல ஆண்டுகள் அவற்றுக்கு உயிரூட்டினர்.

வன்பொருளின் ஆயுள் வேறு, செலுத்தியின் ஆயுள் வேறு என்னும் உண்மை இங்கே முதன்முறை பலருக்கும் புலனாயிற்று. அவ்வுண்மை அத்துடன் நிற்கவில்லை. 2012 இல் வெளிவந்த என்விடியாவின் கெப்ளர் தலைமுறை அட்டைகளுக்கு, விளையாட்டுக்களுக்கேற்பப் புதுப்பிக்கும் செலுத்திகள் 2021 உடன் நிறுத்தப்பட்டன. நிறுவனம் நலிவுற்றது அங்கு காரணமன்று. பழையனவற்றைத் தாங்கும் செலவே காரணம். எனவே, பழைய அட்டையொன்றை மலிவாக வாங்குவோர் அதன் ஆற்றலை மட்டும் நோக்காது, தம் பணிசெயல் முறைமைக்கு அதன் செலுத்தி இன்னும் கிடைக்கின்றதா என்பதையும் நோக்கல் வேண்டும்.

ஒன்றுபட்ட செலுத்திகள்

ஒரு நிறுவனத்தின் ஒவ்வோர் அட்டைக்கும் ஒவ்வொரு செலுத்தி என்ற நிலையும் காலப்போக்கில் மாறியது. என்விடியா, தன் பல தலைமுறை அட்டைகளையும் ஒரே தொகுப்பால் நடத்தும் ஒன்றுபட்ட செலுத்தி முறையை 1990 களின் இறுதியில் டெட்டனேற்றர் என்னும் பெயரால் வளர்த்தது. ஏ. ரீ. ஐ. நிறுவனம் 2002 இல் கற்றலிஸ்ற் என்னும் தொகுப்பைத் தொடங்கி, மாதந்தோறும் புதுப்பிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. 2006 இல் ஏ. ரீ. ஐ. யை ஏ. எம். டி. வாங்கிய பின்னரும் அவ்வழக்கம் நெடுநாள் தொடர்ந்தது.

அட்டை மாற்றுவோர்க்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. ஒரே நிறுவனத்தின் அண்மைத் தலைமுறைகளுக்கிடையே மாறுபவர், பல வேளைகளில் இருக்கும் செலுத்தியின் மேலேயே புதியதை நிறுவிக்கொள்ளலாம். வேறொரு நிறுவனத்தின் அட்டைக்கு மாறுபவரோ அவ்வாறு செய்தல் கூடாது. அங்கே சாரதி ஒருவன் இறங்கி மற்றவன் ஏறல் வேண்டும். முன்னவன் இறங்காது பின்னவன் ஏறின், இருவரும் ஒரே கடிவாளத்தைப் பற்றியிழுக்கும் நிலை உண்டாகும்.

அகத்தினுட் புகுந்த செலுத்தி

1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. 3.1, திரைப்பணிகளைப் பணிசெயல் முறைமையின் அகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தது. இதனால் உறுதி மிகுந்தது, வேகம் குறைந்தது. 1996 இல் வந்த என்.ரி. 4.0 வேகத்தை வேண்டித் திரைச் செலுத்தியை அகத்தினுள்ளே புகவிட்டது. அகத்தினுள் இருக்கும் ஒன்று பிழைபடின் முழு முறைமையுமே வீழும். நீலத் திரையிற் பிழைச்செய்தியைக் காட்டி முழுக் கணினியும் நின்றுவிடும் காட்சிக்குப் பின்னாளில் வரைவியற் செலுத்திகள் பெருங்காரணமாயமைந்தமை இதனால் வந்ததே.

2007 ஆம் ஆண்டு சனவரியிற் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இப்போக்கை மீண்டும் திருப்ப முயன்றது. செலுத்தியை இரு கூறாக்கி, பெரும்பகுதியை அகத்துக்கு வெளியேயும் சிறு பகுதியை உள்ளேயும் வைத்தது. அட்டை இரண்டு விநாடிகளுக்கு மேல் மறுமொழி தராதாயின், கணினியை வீழவிடாது அட்டையை மட்டும் மீளத் தொடக்கும் ஏற்பாடும் அதில் அமைந்தது. நோக்கம் நன்று, ஆனால் எல்லா நிறுவனத்தாரும் தம் செலுத்திகளை அடியிலிருந்தே புதிதாக எழுதவேண்டியவராயினர். அவசரத்தில் எழுதப்பட்டவை பிழை மலிந்திருந்தன. பின்னர் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றின் வாயிலாக 2008 இல் வெளிப்பட்ட மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆவணங்கள், 2007 இல் திரட்டப்பட்ட விஸ்டாச் செயலிழப்புக்களுள் 28.8 வீதம் என்விடியாவின் செலுத்திகளாலும், 17.9 வீதம் மைக்ரோசொப்டின் சொந்த நிரல்களாலும், 9.3 வீதம் ஏ. ரீ. ஐ. யின் செலுத்திகளாலும், 8.8 வீதம் இன்ரெலின் செலுத்திகளாலும் நேர்ந்தன எனக் கூறின. அதிகமாகப் பயன்படும் அட்டையின் பெயர் கணக்கில் அதிகமாக வருதல் இயல்பாதலின், இவ்வெண்களைக் கொண்டு ஒருவரை மற்றவரினும் இழிந்தவர் எனத் துணிதல் தகாது. ஆயினும் வரைவியற் செலுத்தி ஒரு சிறு பொருளன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

விஸ்டா விதித்த மற்றொரு கட்டுப்பாடும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒரு கணினியில் இரு வரைவியல் அட்டைகள் இருப்பின், இரண்டும் ஒரே செலுத்தியால் நடத்தப்படுதல் வேண்டும் என அது வரையறுத்தது. 2009 இல் வந்த விண்டோஸ் 7 அதனைத் தளர்த்தி, வேறு வேறு நிறுவனங்களின் செலுத்திகள் ஒருங்கே வாழ இடமளித்தது. பழைய நூல்களிற் காணப்படும் அறிவுரைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இத்தகைய மாற்றங்களே காரணம். அறிவுரை எக்காலத்து எம்முறைமைக்கு உரியது என்று நோக்காது அதனைக் கைக்கொள்ளல் இடருக்கே வழியாகும்.

செலுத்தியின் பிழை வன்பொருளையே அழிக்கவும் வல்லது. 2010 ஆம் ஆண்டு மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்னும் இலக்கமுடைய செலுத்தி, அட்டையின் விசிறியைச் சரிவர நடத்தாமையால் அட்டைகள் மிகை வெப்பமுறுகின்றன என்ற முறைப்பாடுகள் எழுந்தன. நிறுவனம் அதனை மீட்டுக்கொண்டு, முந்திய செலுத்திக்குத் திரும்புமாறு அறிவுறுத்தியது. புதியது என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது என்பதும், முந்தியதை அழியாது காத்துவைத்தல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

லினக்ஸ் உலகிலும் இவ்வரலாறு வேறுருவில் நிகழ்ந்தது. ஏ. எம். டி. 2007 முதல் தன் அட்டைகளின் நுட்பக் குறிப்புக்களை வெளியிட, அதன் செலுத்தி லினக்ஸின் அகத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. அட்டையை மாற்றினால் வேறு வேலை பெரும்பாலும் இல்லை. நெடுங்காலம் மூடிய செலுத்தியையே வழங்கிவந்த என்விடியா, 2022 மே மாதத்தில் அதன் அகப்பகுதியைத் திறந்து வெளியிட்டது. மூடிய செலுத்தியைக் கையாண்டவர் அட்டையை மாற்றியபோது, அமைப்புக் கோப்பில் எஞ்சிக் கிடந்த ஒரு வரி பழைய செலுத்தியைச் சுட்டித் திரையை இருளாக்கியதுண்டு. விண்டோஸ் 3.1 இல் நிகழ்ந்ததும் இதுவே.

எச்சங்களும் அவற்றை அகற்றலும்

செலுத்தியை நீக்குமாறு பணித்தபோதும் அதன் கோப்புக்களும் பதிவேட்டுக் குறிப்புக்களும் முற்றும் நீங்குவதில்லை. இவ்வெச்சங்களே புதிய செலுத்தியோடு மோதுகின்றன. இக்குறையைத் தீர்க்கத் தனியார் ஆர்வலர் துப்புரவுக் கருவிகளை ஆக்கினர். இவற்றுள் ‘டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்ரோலர்’ என்பது இன்று மிகவும் அறியப்பட்டது. பாதுகாப்பு நிலையில் இயக்குமாறு அதன் ஆசிரியர் பரிந்துரைப்பர். அந்நிலையில் அட்டையின் சொந்தச் செலுத்தி இயங்காதாதலின், அதன் கோப்புக்கள் எவராலும் பற்றப்படாது கிடக்கும், எளிதில் அகற்றலாம்.

இவ்விடத்தில் என் அறியாமையால் நேர்ந்த ஒன்றைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலைக் கணினி ஒன்றில் ஒரு நிறுவனத்தின் அட்டையை எடுத்து, அன்பளிப்பாகக் கிடைத்த வேறொரு நிறுவனத்தின் அட்டையைப் பொருத்தினேன். விண்டோஸின் சின்னம் தோன்றும்வரை திரை ஒளிர்ந்தது, பின்னர் இருண்டது. அட்டை பழுதெனத் துணிந்து, அதனை அலுமாரியிலிட்டு ஒரு தவணை முழுவதும் மறந்திருந்தேன். விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர், “சேர், சின்னம் தெரியுதெண்டால் அட்டை உயிரோடைதான் இருக்குது” என்று சொல்லி, பாதுகாப்பு நிலையிற் புகுந்து, பழைய செலுத்தியின் எச்சத்தை நீக்கிப் புதியதை நிறுவினார். அரை மணி நேரத்திற் கணினி இயங்கியது. ஒரு தவணைக் காலம் மாணவர் சிலர் அக்கணினியின்றி இருந்தமைக்கு அட்டை காரணமன்று; என் அவசரத் துணிபே காரணம். இக்கட்டுரைக்குரிய ஆராய்ச்சியில் என்னைப் புகுத்தியதும் அந்நிகழ்ச்சியே.

அம்மாணவர் கூறியதில் ஆழ்ந்த உண்மை உண்டு. சின்னம் தோன்றும்வரை திரையை நடத்துவது அட்டையினுட் பதிந்த அடிப்படை நிரல். அதன் பின்னரே செலுத்தி பொறுப்பேற்கின்றது. ஆகவே தொடக்கத்திலேயே திரை இருண்டிருப்பின் அட்டை, மின்னிணைப்பு, வடம் ஆகியவற்றை ஐயுறல் வேண்டும்; இடையில் இருளின் முதலிற் செலுத்தியை ஐயுறல் வேண்டும்.

இன்று கைக்கொள்ளத்தக்க முறை

மேற்கூறிய வரலாற்றினின்றும் பெறப்படும் முறையைச் சுருக்கிக் கூறுவாம். முதலாவது, பழைய அட்டை இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதற்குரிய செலுத்தியை, தம் பணிசெயல் முறைமையின் பதிப்புக்கேற்ப, ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி வைத்தல் வேண்டும். திரை இருண்ட பின் தேடுதல் வெள்ளம் வந்த பின் அணை கோலுதலாகும். முக்கியமான கோப்புக்களைப் பிரதிசெய்து, முறைமை மீட்புப் புள்ளி ஒன்றையும் அமைத்தல் நன்று.

இரண்டாவது, நிறுவனம் மாறுமாயின் பழைய செலுத்தியை நீக்குதல் வேண்டும். வழக்கமான நீக்கம் போதாதெனக் கண்டால் மட்டும் துப்புரவுக் கருவியைப் பாதுகாப்பு நிலையிற் கையாளுதல் வேண்டும். நோயில்லாதவிடத்து மருந்து வேண்டா. அவ்வேளையில் இணைய இணைப்பைத் துண்டித்து வைத்தல் நன்று. ஏனெனின், விண்டோஸ் 10 முதலியவை செலுத்தி இல்லாமையைக் கண்டதும் தாமாகவே ஒன்றை இறக்கி நிறுவத் தொடங்கும். 2012 இல் வந்த விண்டோஸ் 8 தொட்டு மைக்ரோசொப்டின் அடிப்படைத் திரைச் செலுத்தி உடனிருத்தலின், தனிச் செலுத்தியை நீக்கினாலும் திரை எளிய நிலையில் தோன்றும், அஞ்சவேண்டியதில்லை. அன்றைய வி. ஜி. ஏ. யின் இடத்தை இன்று அது வகிக்கின்றது.

மூன்றாவது, மின்வடத்தைக் கழற்றிய பின்னரே அட்டையை மாற்றுதல் வேண்டும். புதிய அட்டை தனி மின்னிணைப்பு வேண்டுவதாயின் அதனைத் தவறாது கொடுத்தல் வேண்டும். திரையின் வடத்தைத் தாய்ப்பலகையிலன்றிப் புதிய அட்டையிலேயே செருகுதல் வேண்டும். இச்சிறு தவறினால் செலுத்தியை வீணே பழித்தோர் பலர். நான்காவது, செலுத்தியை நிறுவி, கணினியை மீளத் தொடக்கி, சாதன முகாமையாளரில் அட்டையின் பெயர் சரிவரத் தோன்றுகின்றதா என நோக்குதல் வேண்டும். பின்னாளில் புதுப்பித்த செலுத்தி இடர் தருமாயின், விண்டோஸ் எக்ஸ்பி காலந்தொட்டு அமைந்துள்ள பின்வாங்கும் வசதியைக் கொண்டு முந்தியதற்குத் திரும்பலாம்.

முடிவுரை

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு செலுத்தி என்ற நிலையிலிருந்து, முறைமைக்கு ஒரு செலுத்தி, நிறுவனத்துக்கு ஒரு செலுத்தி என்று இத்துறை வளர்ந்த வரலாற்றைக் கண்டோம். வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் பயனாளரின் உழைப்புக் குறைந்தது. உடனே அவரது கட்டுப்பாடும் குறைந்தது. 2022 இல் இன்ரெல் தன் ஆர்க் அட்டைகளை வெளியிட்டபோது பழைய விளையாட்டுக்கள் அவற்றிற் செவ்வனே இயங்கவில்லை. பின்னர் செலுத்திகள் திருந்தத் திருந்த அதே அட்டைகள் ஆற்றல் மிகுந்தன. சில்லு மாறவில்லை, சாரதியே தேர்ச்சியுற்றான். கெப்ளர் அட்டைகளிற் சில்லு தளரவில்லை, சாரதி விடைபெற்றான்.

புதியதை வாங்கும் வசதியுள்ளவர்க்கு இது சிறிய செய்தி. அன்பளிப்பாக வந்த பழைய கணினிகளையும் கைமாறிய அட்டைகளையும் கொண்டு கற்பிக்கும் பாடசாலைகளுக்கோ இது பெரிய செய்தி. பழுதெனத் தூக்கி எறியப்படும் அட்டைகளுள் உண்மையிற் பழுதடைந்தவை எத்தனை, செலுத்தியின்மையால் ஊமையானவை எத்தனை என்று பிரித்தறியும் அறிவு நம் மாணவர்க்கு வருமாயின், அலுமாரிகளில் உறங்கும் பொறிகள் சில விழித்தெழும். அடுத்த முறை திரை இருளும்போது, தேரைப் பழிக்குமுன் சாரதியை நோக்குக என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் படிப்பினையாகும்.